தம்புள்ளை விலை நம் கைக்கு வருமா?

வியாபாரத்துக்கு முதல் என்றால் நாம் பணத்தைத்தான் நினைக்கிறோம். தகவலும் ஒரு முதல்தான். இதை நான் படித்தது நட்டப்பட்ட பிறகு.

என்னுடையது பலசரக்கும் மரக்கறியும் விற்கும் சிறிய கடை. தம்புள்ளையிலிருந்து வரும் தக்காளிக்கும் போஞ்சிக்கும் தரகர் தொலைபேசியில் சொல்வதே விலை. ஒருநாள் அப்படி விலை பேசி முடித்தபோது, மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் மருமகன் பக்கத்தில் இருந்தார். "மாமா, இந்த விலை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வருகிறதே, நீங்கள் பார்க்கிறதில்லையா?" என்று கேட்டு, எடுத்தும் காட்டினார். தரகர் சொன்னதற்கும் அதில் இருந்த தம்புள்ளை மொத்த விலைக்கும் கிலோவுக்கு 40 ரூபா வித்தியாசம். லொறிக்கூலி, கழிவு, தரகு எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அந்தக் கணக்குச் சரிவரவில்லை. எத்தனை வருடங்களாக இப்படிக் கொடுத்திருப்பேன் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மத்திய வங்கியின் புள்ளிவிபரத் திணைக்களம் நாளாந்த விலை அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த, சில்லறை விலைகள், மரந்தகஹமுல அரிசி விலை, பேலியகொடை மீன் விலை எல்லாம் அதில் உண்டு. பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. பிறகு ஏன் நமக்குப் பயன்படவில்லை?

காரணம் அது வரும் வடிவம். அறிக்கை பிடிஎப் கோப்பாக வருகிறது. அது அச்சடித்த தாளைப் போன்றது. கண்ணால் வாசிக்கலாம், ஆனால் கணனி அதிலுள்ள இலக்கங்களை எடுத்துக் கூட்டிக் கழிப்பது சிரமம். அதே இலக்கங்களைக் கணனி நேரடியாக வாசிக்கக்கூடிய அட்டவணையாக, எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்ற அனுமதியுடன் வெளியிட்டால் அதற்குப் பெயர் திறந்த அரச தரவு.

மென்பொருளாளரின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் எழுதும் நிரல் ஒவ்வொரு நாளும் அறிக்கையை எடுத்து, விலைகளைப் பிரித்து, ஓர் அட்டவணையில் சேர்த்து வைக்கும். பிறகு காலையில் நமது கையடக்கத் தொலைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி: தம்புள்ளையில் தக்காளி இன்ன விலை, போன வாரம் இன்ன விலை, போன வருடம் இதே வாரம் இன்ன விலை. கடைக்காரருக்கு இது கொள்வனவுக் கணக்கு. தோட்டக்காரருக்கு எதை எப்போது பயிரிடலாம் என்ற யோசனை. வீட்டுக்காரருக்கு நியாய விலை தெரியும்.

இது நடக்கக்கூடிய காரியமா? லண்டன் மாநகரப் போக்குவரத்து நிறுவனம் தனது பஸ், ரயில் நேரத் தரவுகளை மென்பொருளாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. 2017இல் வெளிவந்த டெலொய்ட் நிறுவன மதிப்பீட்டின்படி, அத்தரவுகளை வைத்து 600க்கும் மேற்பட்ட செயலிகள் இயங்கின. பயணிகள், நகரம், அந்த நிறுவனம் ஆகியோருக்குக் கிடைத்த நன்மை வருடத்துக்கு 130 மில்லியன் பவுண் வரை. நிறுவனம் தரவைக் கொடுத்தது. செயலிகளை மற்றவர்கள் செய்தார்கள்.

இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். விலை எந்தத் திகதிக்குரியது, எங்கிருந்து எடுத்தது என்பதைக் கட்டாயம் போடுங்கள். அறிக்கை வராத நாளில் பழைய விலையைப் புதிய விலை போலக் காட்டாதீர்கள். பிழையான இலக்கம் இலக்கமே இல்லாததை விட மோசம். அறிக்கையின் அமைப்பு மாறினால் நிரல் பிழைக்கும். ஆகவே ஒருவர் தினமும் கவனிக்க வேண்டும்.

வியாபாரிகளாகிய நமக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பொருளின் விலை, எந்த நேரத்துக்குள் தெரிய வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். கொழும்பு அலுவலகத்தில் இருக்கும் மென்பொருளாளருக்கு அதிகாலை லொறியின் கணக்கு எப்படித் தெரியும்? அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் அமுலில் உள்ள இச்சட்டத்தின் கீழ், அரச நிறுவனத்திடம் உள்ள தகவலை எந்தப் பிரஜையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பழைய விலைத் தரவுகளைக் கணனி அட்டவணையாகத் தரும்படி நமது வர்த்தக சங்கங்கள் ஒரு கடிதம் எழுதினால் என்ன?

மருமகன் செய்து தந்த சிறிய நிரல் இப்போது எனக்கும் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலருக்கும் விலை அனுப்புகிறது. தரகர் இன்னும் அதே தரகர்தான். ஆனால் அவர் விலை சொல்வதற்கு முன்னர், "இன்றைய அறிக்கை பார்த்தீங்களா?" என்று கேட்கிறார்.