293 அத்தியாயம், ஐந்தரை மணி நேரம்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, டெக்னிக்கலாக எழுதுவதா, சினிமா பற்றி எழுதுவதா என்று ரெண்டு நாள் குழம்பினேன். கடைசியில் ரெண்டும் கலந்த ஒரு விஷயம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பக்கம் உள்ள ஒரு நாவலை எப்படிச் சினிமாவாகச் சுருக்குகிறார்கள்? இதுவும் ஒரு டிசைன் பிராப்ளம்தானே!

நான் பத்தாவது படிக்கும்போது, 2022 செப்டம்பர் 30-ம் தேதி 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியானது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் அப்பா பட்டு நெசவாளி. கையெழுத்து மட்டும் போடுவார், படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். படம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "ஏம்பா, நம்ம காஞ்சிபுரத்துல தங்க மாளிகை எங்கடா இருந்துச்சு? அந்த ஓலை எடுத்துட்டுப் போற பையன் எந்த ஊரு?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் புத்தகத்தைத் தேடினேன்.

கதை எவ்வளவு பெரிசு?

கல்கி அவர்கள் இந்த நாவலைத் தன் 'கல்கி' பத்திரிகையில் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை வருஷம் தொடர்கதையாக எழுதினார். ஐந்து பாகம், 293 அத்தியாயம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். படமோ இரண்டு பாகமும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். கால்குலேட்டரை எடுங்கள். 330 நிமிஷத்தை 293-ஆல் வகுத்தால், ஓர் அத்தியாயத்துக்குக் கிடைப்பது 68 விநாடி! அதே அத்தியாயத்தை நான் வாய்விட்டுப் படித்தால் இருபது நிமிஷம் ஆகிறது.

இதனால்தான் எத்தனையோ பேர் தொட்டுவிட்டு விட்டார்கள். 1958-ல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி விளம்பரமே செய்தார். அவருக்காகத் திரைக்கதை எழுதிக் கொடுத்த இளைஞர்தான் பிற்காலத்தில் 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' எடுத்த மகேந்திரன். அந்தப் படம் வரவே இல்லை. பிறகு கமல்ஹாசன் முயன்றார். மணிரத்னமும் 2011-வாக்கில் ஒருமுறை தொடங்கி, செலவு கட்டாது என்று நிறுத்தினார். 1999-ல் சென்னையில் 'மேஜிக் லேண்டர்ன்' குழு இதை மேடை நாடகமாகப் போட்டது. அதற்கு நாடக வடிவம் தந்த குமரவேல்தான் பின்னால் மணிரத்னத்தோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். வசனம் ஜெயமோகன். கல்கி எழுதி முடித்து 68 வருஷம் கழித்துத்தான் கதை திரைக்கு வந்தது!

ஜக்கார்டு சொல்லும் பாடம்

சுருக்குவது என்றால் என்ன என்பதை நான் வீட்டுத் தறியில்தான் புரிந்துகொண்டேன். டிசைனர் முதலில் பேப்பரில் படம் வரைவார். பிறகு அதைக் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக மாற்றுவார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் ஹூக் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. பெட்டியில் 240 ஹூக் இருந்தால் 240 கட்டத்துக்குள்தான் அகலம். டிசைனர் எவ்வளவு அழகாக வரைந்தாலும் 241-வது கட்டத்துக்கு இடமில்லை.

ஒருமுறை அப்பாவிடம் ஓர் அன்னம் டிசைன் வந்தது. பெட்டிக்குள் அடங்கவில்லை. அப்போது அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "றெக்கையைக் குறைக்கலாம், வாலைக் குறைக்கலாம். கழுத்தைக் குறைச்சா அது அன்னம் இல்லடா, வாத்து!"

நண்பர்களே, நாவலைப் படமாக்குவதும் இதேதான். எது றெக்கை, எது கழுத்து என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படத்தில் என்ன செய்தார்கள்?

முதலாவது, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டார்கள். வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து ஓலையோடு கிளம்பித் தஞ்சாவூர், பழையாறை, இலங்கை என்று போகிறான். அவன் போகிற வழியிலேயே எல்லாப் பாத்திரங்களையும் நாம் பார்த்துவிடுகிறோம். தறியில் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுவது போல!

இரண்டாவது, சொன்னதைக் காட்டினார்கள். நாவலில் ஆதித்த கரிகாலன் தன் பழைய காதலை மாமல்லபுரத்தில் உட்கார்ந்து பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்கிறான். படிக்கும்போது சுவைதான். திரையில் ஒருத்தர் உட்கார்ந்து கதை சொன்னால் தியேட்டரில் விசில் வேறு மாதிரி வரும்! அதனால் இரண்டாம் பாகம் சின்ன வயசு கரிகாலனையும் நந்தினியையும் நேரடியாகக் காட்டித் தொடங்குகிறது. நாவல் ஆடிப்பெருக்கன்று வீர நாராயண ஏரிக்கரையில் அமைதியாக ஆரம்பிக்கிறது. படமோ போர்க்களத்தில் ஆரம்பித்து, பிறகுதான் ஏரிக்கு வருகிறது.

மூன்றாவது, வெட்டினார்கள். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம், அவன் பட்டம் ஏறுவது, பூங்குழலியோடு அவன் கல்யாணம் எல்லாம் போயிற்று. சம்புவரையர் மகள் மணிமேகலை படத்திலேயே இல்லை.

முதல் ரெண்டும் எனக்குச் சம்மதம். மூன்றாவதில் மணிமேகலை விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. வந்தியத்தேவன் மேல் கொலைப்பழி விழுந்தபோது, "நான்தான் கொன்றேன்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டவள் அவள். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். நாவல் முடிவதே அங்கேதான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர். அரசுரிமையை விட்டுக்கொடுத்தவனுக்குப் பக்கத்தில், உயிரையே விட்ட ஒருத்தியையும் கல்கி வைத்திருக்கிறார். திரைக்கதை எழுதியவர்கள் அவளை றெக்கை என்று நினைத்தார்கள். எனக்கு அவள் கழுத்தாகத் தெரிகிறாள். ஆனால் அவளை வைத்திருந்தால் வேறு யாரை எடுப்பது என்று கேட்டால் என்னிடமும் விடை இல்லை. ஹூக் 240-தானே!

அமெரிக்காவில் நடந்தது

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. ஜஸ்டின் குரோனின் என்பவர் 2010-ல் 'தி பாஸேஜ்' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு வைரஸ் சோதனை கைமீறிப் போய், மனிதர்கள் ரத்தம் குடிக்கும் பிசாசுகள் மாதிரி ஆகி, உலகமே அழிகிறது. முதலில் அழிவு எப்படி வந்தது என்ற கதை. பிறகு நாவல் சுமார் 90 வருஷம் ஒரே தாவாகத் தாவி, மிச்சமிருக்கும் மனிதர்களிடம் போகிறது. 2012, 2016 என்று மேலும் இரண்டு நாவல்கள் வந்தன. புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 2007-ல் சினிமா உரிமை விற்றுவிட்டது. ஆனால் சினிமாவுக்குள் அடங்கவில்லை. கடைசியில் 2019-ல் 'ஃபாக்ஸ்' டிவியில் தொடராக வந்தது. பத்து எபிசோடு முழுக்கப் பெரும்பாலும் அழிவுக்கு முந்திய கதை. புது உலகத்தைக் கொஞ்சம் காட்டும் நேரத்தில் முதல் சீசன் முடிந்தது. அடுத்த சீசனே வரவில்லை! நிறைய நேரம் கிடைக்கும் என்று நம்பி நிதானமாகச் சொன்னார்கள். கிடைக்கவில்லை. மணிரத்னம் இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்து முடித்தார். அதனால் 2023 ஏப்ரல் 28-ம் தேதி நம் கதை முடிவு வரை வந்து சேர்ந்தது. தறியில் பாவு எத்தனை முழம் என்று தெரிந்துகொண்டுதான் முந்தானை எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

புத்தகத்தைப் படித்த பிறகு அப்பாவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். வந்தியத்தேவன் வாணர் குலத்துக்காரன், வேலூர் பக்கம் திருவல்லம் அவர்கள் ஊர். காஞ்சிப் பொன் மாளிகை இன்று இல்லை. ஆனால் அது வெறும் கற்பனை இல்லை. சுந்தர சோழர் அங்கே இறந்ததால் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் அவரைச் சொல்கின்றன. "அப்போ தங்கம் போயிடுச்சு, கல்லு கைலாசநாதர் கோயில் மட்டும் நிக்குது!" என்று சிரித்தார் அப்பா. பிறகு, "அந்தப் புஸ்தகத்துல இன்னும் என்னா இருக்கு? படிச்சுக் காட்டேன்" என்றார்.

இப்போது தினமும் ராத்திரி ஓர் அத்தியாயம். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கோர்வை போடும் அம்மாவும் கேட்கிறார். நாலாம் பாகத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு இப்போது ரொம்பப் பிடித்த ஆள் யார் தெரியுமா? படத்தில் இல்லாத மணிமேகலை! "இந்தப் பொண்ணுக்கு நல்லபடியா கல்யாணம் ஆகுமாடா?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

நண்பர்களே, படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று சண்டை போடுபவர்களை ஹாஸ்டலில் தினமும் பார்க்கிறேன். நானும் போட்டவன்தான். ஆனால் படம் வராவிட்டால் என் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கிறது. நம்மில் பலர் வீட்டில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். படத்தைப் பாருங்கள். பிறகு படத்தில் விட்டதை வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். டிப்ளமோ முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்!