கசாப்புக் கூடத்தில் ஒரு சித்திரக்காரி

பிராணிகளுக்கு மனிதன் இழைக்கும் ஹிம்சையைக் கண்டித்து வரையப்படும் சித்திரங்களைப் பார்த்ததும், இது பிரசாரமே தவிரக் கலையல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் அடியோடு இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆத்திரத்தை மட்டுமே மூலதனமாகக் கொண்டு தீட்டிய படம் பார்ப்பவரை ஒரு கணம் திடுக்கிடச் செய்துவிட்டு, மறுநாளே நினைவிலிருந்து நழுவிவிடும். ஆனால் நேரில் கண்டறிந்த உண்மையும், மகா கலைஞர்களிடம் கற்ற பயிற்சியும் ஒருங்கே கூடிப் பிறந்த படம் அவ்வாறு மறைவதில்லை என்பதற்கு, ஸூ கோ என்னும் ஆங்கிலேயப் பெண்மணியின் சித்திரங்கள் தக்க சான்றாகும்.

இங்கிலாந்திலுள்ள டாம்வொர்த் என்ற ஊரில் 1951-இல் பிறந்த இவர், கசாப்புக் கூடம் ஒன்றின் அருகிலேயே வளர்ந்தவர். லண்டனில் கலை பயின்று, 1972-இல் நியூயார்க்கில் குடியேறிப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து ஜீவனம் நடத்திய அவர், பால்யத்தில் அண்டை வீட்டு விஷயமாக இருந்ததையே பின்னர்த் தம் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக எடுத்துக்கொண்டார். கசாப்புக் கூடங்களுக்கும் பண்ணைகளுக்கும் வருஷக்கணக்கில் சென்று வந்தார். புகைப்படக் கருவியை உள்ளே விடாத காவலர்கள், நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்த பெண்ணை அபாயமானவளாகக் கருதவில்லை. கேமரா நொடியில் கவர்ந்துகொள்வதைக் கை வரைந்து முடிக்க வெகு நேரமாகும். அவ்வளவு நேரமும் அந்த ஓசையிலும் நாற்றத்திலும் நின்றே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தினால்தான், சாகப்போகும் ஜீவனின் கண்களோடு, கத்தி பிடித்த தொழிலாளியின் களைப்பும் வறுமையும் அவர் கருத்தில் பதிந்தன. இந்தப் பிரயாணங்களின் பலனாக 1996-இல் 'டெட் மீட்' என்ற நூல் வெளியாயிற்று.

கண்டதை எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னோர் வழிகாட்டினர். நெப்போலியன் காலத்து யுத்தத்தில் ஸ்பெயின் தேசம் பட்ட கொடுமைகளை, செப்புத் தகடுகளில் செதுக்கி வைத்த கோயாவிடமிருந்து கண்ணை மூடாமல் பார்க்கும் துணிவும், ஏழை மக்களின் துக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் வடித்த ஜெர்மானியப் பெண்மணி கேத்தே கொல்விட்ஸிடமிருந்து துன்புறுவோரிடம் நெருங்கி நிற்கும் பரிவும் அவருக்குக் கிட்டின. இவ்விருவருக்கும் முன்பே, 1751-இல், நாயை வதைக்கும் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகும் கதையை நான்கு படங்களாகச் செதுக்கிய ஆங்கிலச் சித்திரக்காரர் ஹோகார்த், சாமானிய ஜனங்களின் கைக்கு எட்டும்படி குறைந்த விலையில் அவற்றை வெளியிட்டார். கால்நடைகளைத் துன்புறுத்துவதைத் தண்டிக்கும் மார்ட்டின் சட்டம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறியது அதற்கு எழுபத்தோரு ஆண்டுகளுக்குப் பின், 1822-இல்தான்.

ஸூ கோ எடுத்துக்கொண்ட பொருளும் கலைக்குப் புதிதன்று. உரித்துத் தொங்கவிட்ட மாட்டின் உடலை டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1655-லேயே தீட்டியிருக்கிறார். பாரிஸில் வாழ்ந்த ஓவியர் ஸூட்டீன், 1920-களில் அத்தகைய உடலொன்றைத் தம் அறையிலேயே தொங்கவிட்டு, நிறம் மங்காதிருக்க அதன்மேல் இரத்தம் ஊற்றி வரைந்தார். அவர்கள் கண்டது மரணத்துக்குப் பிந்திய உருவத்தின் கம்பீரமும் நிறமும். ஸூ கோ காட்டுவதோ, அந்த உடலில் உயிர் இருந்த கடைசி நாழிகைகளையும், அந்த உயிரைப் பறித்து லாபமாக்கும் தொழிலையும். ஒரே பொருள் மூவரிடமும் மூன்றுவிதமாக உருக்கொள்வதிலிருந்து, மரபு என்பது கலைஞனுக்கு விலங்கன்று, புதிதாகப் பேசுவதற்குக் கிடைத்த பாஷை என்பது தெளிவாகும்.

ஆகவே, சினமூட்டும் படமொன்று நம் முன் வரும்போது, இதை வரைந்தவர் தாம் காட்டும் இடத்தில் நின்று பார்த்தாரா, பார்த்ததைச் சொல்லும் வித்தையைச் சிரத்தையோடு கற்றாரா என்று கேட்பதே நேர்மையான விமர்சனம். இரண்டுக்கும் ஆம் என்று பதில் கிடைக்குமானால், அப்படம் உண்டாக்கும் மனச்சங்கடத்தைக் கலைஞர் செய்த குற்றமாக எண்ணலாகாது. வாய் பேசாத ஜீவன்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய கடமையின் ஆரம்பமாகவே அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.