‘ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?’ உறவினர் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள். காலணியைக் கழற்றி வைப்பதற்குள் வாசலிலேயே முதல் கேள்வி வந்துவிடுகிறது. ‘என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே! உடம்புக்கு ஏதும் சரியில்லையா?’

ஓராண்டாக வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி, கோப்பிக் கடையில் ‘தே’க்குப் பதிலாக ‘தே ஓ கொசோங்’ என்று பழகி 12 கிலோகிராம் எடை குறைத்தவருக்குக் கிடைக்கும் வரவேற்பு இது. உள்ளே போய் உட்கார்ந்தால் இன்னும் வரும். ‘ஊசி போட்டுக்கிட்டியா?’, ‘முன்ன முகத்துல ஒரு களை இருந்துச்சு’, ‘போதும், இதுக்கு மேல குறைக்காதே.’

எடையை எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். குறைத்த பிறகு வரும் பேச்சுகளை எப்படிக் கையாள்வது என்று சொல்பவர்கள் குறைவு. இந்தப் பேச்சுக்கு அஞ்சி விருந்துகளுக்குப் போவதையே தவிர்ப்பவர்கள் உண்டு. தமக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத் தட்டை நிரப்பிக்கொள்பவர்களும் உண்டு. சிலர் ‘நமக்கு எதற்கு இந்த வம்பு’ என்று பயிற்சியையே கைவிட்டு விடுகிறார்கள்.

*சொல்லிலேயே கலந்திருக்கும் கவலை*

‘இளைத்தல்’ என்ற சொல்லுக்கு மெலிதல் என்ற பொருளோடு களைத்தல், தளர்தல் என்ற பொருள்களும் உண்டு. மூச்சு வாங்குவதை ‘இளைப்பு’ என்கிறோம். ‘மெலிந்தவர்’ என்றால் உடல் மெலிந்தவர் மட்டுமல்ல, வலிமை இல்லாதவரும்கூட. நோயிலிருந்து மீண்டவரைப் பற்றி ‘உடம்பு தேறிட்டான்’ என்போம். சதை பிடித்திருக்கிறது என்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். எடை குறைந்தால் ஏதோ இழப்பு, கூடினால் நலம் என்ற எண்ணம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்று வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். அக்காலத்தில் ஒருவர் மெலிந்தால் பசி அல்லது காசநோய் என்று நினைத்ததில் தவறில்லை. அந்தப் பயம் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து அத்தைக்கும் வந்திருக்கிறது.

இன்றைய நிலைமை வேறு. தேசிய மக்கள் நல ஆய்வின்படி, சிங்கப்பூரில் உடல் பருமன் விகிதம் 2019-2020ல் இருந்த 10.5 விழுக்காட்டிலிருந்து 2021-2022ல் 11.6 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நீரிழிவுக்கு எதிரான போரை அரசாங்கம் 2016லேயே அறிவித்துவிட்டது.

*கண் சொல்வதும் கணக்கு சொல்வதும்*

ஒருவரின் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 78 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு. அவருக்கு அது ஏறக்குறைய 28.7. சிங்கப்பூர்ப் பெரியவர்களுக்கான அளவுகோலில் 18.5 முதல் 22.9 வரை குறைந்த அபாயம், 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5க்கு மேல் அதிக அபாயம்.

இவர் 12 கிலோ குறைத்து 66 கிலோவுக்கு வந்தால் குறியீடு 24.2 ஆகிறது. உறவினர்கள் ‘எலும்பும் தோலுமா ஆயிட்டியே’ என்று பதறும் இந்த நேரத்திலும், அவர் மிதமான அபாயப் பிரிவில்தான் இருக்கிறார்.

பிறகு ஏன் ‘வற்றிப் போனவர்’ போலத் தெரிகிறார்? கன்னத்தில் சதை குறைவது உடனே கண்ணில் படுகிறது. பழைய சட்டை தோளில் தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர்களின் மனத்தில் இருப்பது சென்ற ஆண்டு பார்த்த உருவம். அளவாகத் தைத்த ஒரு புதுச்சட்டையே பாதிக் கேள்விகளைக் குறைத்துவிடும்.

குறைத்த எடையின் பலன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2002ல் வெளிவந்தன. உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது என்ற இலக்குகளைப் பின்பற்றிய குழுவினரிடம் நீரிழிவு ஏற்படுவது 58 விழுக்காடு குறைந்தது. 78 கிலோ எடை உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோதான்.

*எந்தப் பேச்சுக்கு எந்தப் பதில்?*

எல்லாப் பேச்சும் ஒன்றல்ல. சொல்பவரின் மனநிலையைப் பிரித்துப் பார்த்தால் பதிலும் எளிதாகும்.

*கவலை:* பெரும்பாலும் மூத்தவர்களிடமிருந்து வருவது. இவர்களுக்குத் தேவை விவாதம் அல்ல, ஆறுதல். ‘பயப்படாதீங்க அத்தை, டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இனிப்பு நீரும் பிரஷரும் இப்ப நல்லா இருக்கு’ என்ற பதில் போதும். ‘டாக்டர்’ என்ற ஒரு சொல் பாதிப் பயத்தைப் போக்கிவிடும். பரிசோதனை எதுவும் செய்திராதவர்கள் இப்படிச் சொல்வதற்காகவாவது ஒருமுறை செய்துகொள்ளலாம்.

*உபசரிப்பு:* ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ’ என்பது அன்பின் மொழி. ‘நான் இதெல்லாம் சாப்பிடறதில்லை’ என்றால் சமைத்தவர் மனம் நோகும். ‘நீங்க சுட்ட முறுக்கை விடுவேனா மாமி? ரெண்டு போதும்’ என்றால் உபசரிப்பை ஏற்றதாகவும் இருக்கும், அளவை நீங்கள் வைத்ததாகவும் இருக்கும்.

*துருவல்:* ‘எத்தனை கிலோ?’, ‘ஊசியா?’ போன்ற கேள்விகள். எடைக்குறைப்பு ஊசி மருந்துகளை மருத்துவர் பரிந்துரையில்தான் பெற முடியும். எடுத்துக்கொண்டால் அது குற்றமல்ல. எடுக்காவிட்டால் அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘டாக்டர் பாத்துக்கிறார் மாமா’ என்று சொல்லிவிட்டு, அவருடைய மகனின் தேர்வைப் பற்றி விசாரிக்கலாம்.

*பழசை மட்டந்தட்டும் பாராட்டு:* ‘இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கே!’ என்பது பாராட்டுத்தான். ஆனால் பழைய உடம்பு பார்க்கச் சகிக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. கேட்பவருக்கு ‘எடை மீண்டும் ஏறினால் இவர்கள் என்ன சொல்வார்கள்?’ என்ற பயம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குண்டான பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘அந்த உடம்போடதான் சித்தி படிச்சு முடிச்சு, வேலைக்கும் போனேன்’ என்று சிரித்தபடி சொல்லலாம். அது உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லும் பதில்.

இத்தகைய சொற்கள் மறப்பதில்லை. நம் பள்ளிகளில் 1992ல் தொடங்கி 2007ல் முடிவுக்கு வந்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில் எடை கூடிய மாணவர்கள் தனியே பயிற்சி செய்தனர். அத்திட்டத்தின் சுருக்கப் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ‘குண்டு’ என்பதற்கான ஆங்கிலச் சொல் வரும். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள்.

*அத்தையின் கேள்வி சரியாக இருக்கும் நேரம்*

முயற்சி எதுவும் செய்யாமலேயே ஆறு முதல் 12 மாதங்களில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ. நீரிழிவு, தைராய்டுச் சுரப்பிக் கோளாறு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றின் அறிகுறியாக அது இருக்கலாம்.

முயன்று குறைத்தவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோதல், சாப்பிட்டபின் குற்ற உணர்வு, சாப்பிட்டதை வாந்தியெடுத்தல், ஒருநாள் பயிற்சி தவறினாலே பதற்றம் ஆகியவை உதவி நாட வேண்டிய அடையாளங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். முதலில் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசலாம்.

பேசுபவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது. உங்கள் முன் மெலிந்து நிற்பவர் பயிற்சியால் மெலிந்தாரா, நோயாலா, துயரத்தாலா என்பது பார்த்தவுடன் தெரியாது. ‘ஸ்லிம் ஆயிட்டே!’ என்ற பாராட்டு நோயாளியின் காதிலும் விழக்கூடும். ‘எப்படி இருக்கே?’ என்று மட்டும் கேட்டால், சொல்ல விரும்புபவர் தாமே சொல்வார்.

வாசலில் ‘இளைச்சுப் போயிட்டியே’ என்ற அத்தை, கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் அழைத்து, ‘எனக்கும் இனிப்பு நீர் ஏறியிருக்குன்னு சொல்றாங்க. நீ என்னதான் செஞ்சே?’ என்று மெதுவாகக் கேட்கக்கூடும். அப்போது வாசலில் பட்ட கோபத்தை விட்டுவிடலாம். 40 வயதைக் கடந்த குடியிருப்பாளர்கள் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். உடல்நலத் திட்டம் வகுக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு அத்தையையும் அழைத்துச் செல்லலாம்.