தை மாதத்து இலையுதிர்காலம்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலுக்குச் சிதறுகாய் போட வருபவர்களுக்குத் தெறிக்கும் தேங்காயில்தான் கண். அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. ஜனவரியில் கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், நாட்டு வாதுமை இலைகள் குங்குமமாய்ச் சிவந்து மதில் தாண்டி விழுவதைக் காணலாம். பெருக்கித் தள்ளுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

'ஆட்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை இலையுதிர்காலம் என்று எத்தனையோ தடவை மொழிபெயர்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஐரோப்பாவில் அது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கேரளத்திலோ அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம். மரங்கள் பச்சைப் பசேலென்று நனைந்து நிற்கும். தமிழ் இலக்கணம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அது கூதிர். இலை உதிர்வதை வைத்துப் பெயர் பெற்ற பொழுது அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை.

காரணமும் வேறு. குளிர்நாட்டு மரம் பகல் சுருங்கி, குளிர் ஏறும்போது இலையை விடுகிறது. நம் தேக்கு மண்ணில் ஈரம் வற்றும்போது விடுகிறது. வாதுமை வருடத்துக்கு இருமுறைகூட உதிர்க்கும். ஆனால் மேப்பிளுக்கும் வாதுமைக்கும் சிவப்பு தருவது ஆந்தோசயனின் என்ற அதே நிறமிதான்.

முழுக் காடாக இதைப் பார்க்க வேண்டுமானால் ரப்பர் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். பிரேசிலிலிருந்து வந்த இம்மரம் டிசம்பர், ஜனவரியில் மொட்டையாகி, பிறகு செம்பு நிறத்தில் துளிர்க்கும். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் துளிர் முற்றும்வரை பல தோட்டங்களில் பால்வெட்டு நிற்கும். வெட்டுகிறவரின் கூலியும் நிற்கும்.