லடாக் போய் வந்த பைக்கை வாங்கலாமா? செகண்ட் ஹேண்ட் அட்வென்ச்சர் பைக்கில் எதையெல்லாம் பார்க்கணும்?

"சிங்கிள் ஓனர், லடாக் ரிட்டர்ன், ஃபுல்லி லோடட்." பழைய அட்வென்ச்சர் பைக் விளம்பரங்களில் இந்த மாதிரி வரிகள் அடிக்கடி கண்ணில் படும். விற்பவருக்கு அது பெருமை. வாங்குபவர்தான் கொஞ்சம் யோசிக்கணும். சாதாரண பைக் என்றால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அட்வென்ச்சர் பைக்கில் அது எந்த ரோட்டில் ஓடியது என்பதுதான் முக்கியம். அதை ஓடோமீட்டர் காட்டாது, பைக்கின் உடம்புதான் காட்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது. அதனால் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்றவற்றைப் பழையதாகத் தேடுபவர்களுக்கு ஒரு காரணம் கூடியிருக்கிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கதை வேறு. 350 சிசிக்குள் வருவதால் அதன் வரி 28-லிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய எக்ஸ்பல்ஸுக்கு ஒருவர் பழைய ரேட்டையே சொன்னால், புது பைக்கின் இன்றைய விலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஹிமாலயன் 411-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம்ம ஊர் கம்பெனியின் பைக். 2016-ல் வந்தது. 2023 நவம்பரில் 450 வந்த பிறகு 411-ன் கதை முடிந்தது. இனி பழையதாகத்தான் கிடைக்கும்.

வண்டி எந்த வருட மாடல் என்று முதலில் பாருங்கள். ஆரம்பத்தில் வந்தவை கார்பரேட்டர் வண்டிகள். 2017-ல் பிஎஸ்4-க்காக ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஏபிஎஸ் 2018-ல்தான் சேர்ந்தது. 2020-ல் பிஎஸ்6 ஆனபோது, மண் ரோட்டுக்காகப் பின் சக்கர ஏபிஎஸ்ஸை ஆஃப் செய்யும் வசதி கிடைத்தது. மலைப் பாதையில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஏபிஎஸ் இல்லாத வண்டியைக் காசு மிச்சம் என்று எடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

முதலில் தொட வேண்டியது ஹேண்டில்பார்

பெயிண்ட், ஸ்டிக்கர், பெட்டி எல்லாம் அப்புறம். மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகணும். நேராக வரும் இடத்தில் லேசாக மாட்டி நின்றால் கோன் செட் போயிருக்கிறது என்று அர்த்தம். குண்டும் குழியுமான ரோட்டில் தொடர்ந்து அடி வாங்குவது இந்த இடம்தான். பிறகு ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்றால் கோன் செட் லூஸ். இதை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. விலையில் கழிக்கச் சொல்லலாம்.

ஆனால் அதே இடத்தில் சேஸ் வெல்டிங்கை மட்டும் லேசாக விடக்கூடாது. செல்போன் டார்ச்சை அடித்து, டேங்குக்கு முன்னால் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை மாதிரி கோடு, அதில் துரு, அல்லது அந்த இடத்தில் மட்டும் புது பெயிண்ட் இருந்தால் விலை பேசாமலேயே கிளம்பிவிடலாம். ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் சின்ன இரும்பு முட்டு வளைந்திருந்தால், வண்டி எப்போதோ பலமாக விழுந்திருக்கிறது. கிராஷ் கார்டு, ஹேண்ட் கார்டுகளை மாற்றிவிட்டு அதை மறைக்கலாம். இந்த முட்டை மாற்ற யாருக்கும் தோன்றாது.

ரப்பர் உறைக்கு உள்ளே

ஹிமாலயனின் ஃபோர்க்கில் ரப்பர் உறை மாட்டியிருக்கும். தூசியைத் தடுக்கும், கூடவே ஆயில் கசிவையும் மறைத்துவிடும். அதைத் தூக்கிப் பாருங்கள். குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. குழாயில் கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் புது சீல் போட்டாலும் நிற்காது. கேடிஎம் 390-ல் உறை கிடையாது, ஃபோர்க் தலைகீழ் அமைப்பு. அதில் கசியும் எண்ணெய் கீழே இறங்கி பிரேக் பேட் வரை போகலாம் என்பதால் அங்கேயும் ஒரு பார்வை வேண்டும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோணல். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் 'டிங்' என்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் 'டப்' என்றால் அது லூஸ். அலாய் வீல் என்றால் விளிம்பைச் சுற்றி விரலால் தடவினாலே நசுங்கல் தெரியும்.

இன்ஜினுக்கு அடியில் உள்ள தகட்டில் கீறல் இருப்பது சகஜம். அதற்காகத்தானே அது? ஆனால் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹிமாலயன் 411 ஏர் கூல்டு, முன்னால் ஒரு ஆயில் கூலர் இருக்கும். அதன் துடுப்புகளில் கல் அடித்திருக்கிறதா, குழாய் இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால், "ஆறட்டும் சார், காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பல கோளாறுகள் கோல்டு ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். லேசான டேப்பெட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் வேண்டாம். டாப் கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் செலவு காத்திருக்கிறது.

சென்னை வண்டியா? இதையும் பாருங்க

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. ஆற்றைக் கடந்த வண்டியைவிட, இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி மோசம். சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே, 'ஃபுல்லி லோடட்' என்ற பெயரில் மாட்டிய ஃபாக் லைட்டுகளுக்கு ஒரிஜினல் ஒயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணையணும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

பேப்பர் விஷயம்

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. பேங்க் தரும் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். சேஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். வாடகைக்கு விடப்பட்டு, பிறகு வெள்ளை நம்பர் பிளேட்டுக்கு மாறிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. ஆர்சியில் பழைய பதிவு வகை என்ன என்று கேளுங்கள்.

பெங்களூரு, புதுச்சேரி வண்டி மலிவாகத் தெரியும். படிவம் 28-ல் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டில் மறுபடி சாலை வரி கட்டும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பது புரியும். அந்த மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெற அலைவதும் உங்கள் பொறுப்பு.

படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதும் ஆர்டிஓ வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். பெயர் மாற்ற வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடையது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும். அந்தத் தொகையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.