முகச் சுருக்க ஊசி: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

படப்பையைச் சுற்றியுள்ள ஒரகடம் ஆலைகளில் இயந்திரங்களுக்குத் தேதி குறித்துப் பராமரிப்பு நடக்கும். முகச் சுருக்க ஊசிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போடாக்ஸ் என்ற இந்த ஊசி மருந்து, 2002-இல் புருவ இடைச் சுருக்கத்துக்கும் அனுமதி பெற்றது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இது தற்காலிகமாகத் தடுக்கிறது. நரம்புமுனை மீண்டும் வேலை செய்யத் தொடங்க, பொதுவாக மூன்று, நான்கு மாதங்களில் பலன் குறையும். எனவே மூன்று மாதத்துக்குள் மறு ஊசி கூடாது என்பதே மருந்துக் குறிப்பின் விதி. மூன்று மாதம் ஆனதும் போட்டே ஆகவேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

பலன் குறையும் முன்பே போட்டால் முகம் மாறாமல் இருக்குமே என்பார்கள். ஆனால், அடிக்கடி போட்டால் உடலில் எதிர்ப்புப் புரதம் உருவாகி, மருந்தே பலிக்காமல் போக வாய்ப்புண்டு. நிறுத்தினால் சுருக்கம் முன்பைவிடக் கூடும் என்ற பயமும் வேண்டாம். தசை பழைய இயக்கத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். குழிவை நிரப்பும் ஹயலுரானிக் அமில ஃபில்லர் வேறு வகை. அது ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் தங்கும். மிச்சமிருக்கும்போதே மேலும் நிரப்பினால் முகம் உப்பித் தெரியும். ஆகவே தள்ளுபடி விளம்பரத்தையோ நாள்காட்டியையோ பார்த்து நாள் குறிக்காதீர்கள்; தகுதியுள்ள தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பதே நல்லது.