கவசத்தின் மறுமுனை

உலைகளின் வெப்பத்தை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள், ஒரு டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தத்தையே தருகிறது. ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் என்பது அங்கே 24 டிகிரி வெப்பத்துக்குச் சமமாகிவிடுவதால், இத்தகைய மெல்லிய சமிக்ஞைகளைச் சுமக்கும் கம்பிகளின்மீது அலுமினியத் தாளையோ செம்புப் பின்னலையோ போர்த்தி, ஷீல்டு கேபிள் தயாரிக்கப்படுகிறது. ஆயினும் அந்த உலோக உறையின் பயனைத் தீர்மானிப்பது, எர்த் எனப்படும் புவியிணைப்போடு அது எங்கே, எப்படி இணைக்கப்படுகிறது என்பதே.

மின்வழங்கல் கேபிளும் சமிக்ஞைக் கம்பியும் அருகருகே ஓடும்போது, அவை இடையிலுள்ள காப்புப் பொருளோடு சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியாகிவிடுவதால், 50 ஹெர்ட்ஸில் மாறும் மின்னழுத்தம் அதன் வழியே சமிக்ஞைக் கம்பிக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. நடுவே நிற்கும் உறை அதைத் தன்மீது ஏற்றுக்கொண்டாலும், எதனோடும் இணைக்கப்படாத உறை தானும் மின்னழுத்தம் பெற்று, உள்ளிருக்கும் கம்பிக்கே அதைக் கடத்திவிடும். 1836இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 12 அடிக் கனசதுர அறையொன்றை உலோகத்தால் போர்த்தி, தரையோடு தொடர்பின்றி நிறுத்தி, மைக்கேல் ஃபாரடே மின்னேற்றியபோது உள்ளிருந்த கருவிகள் எதையும் உணராததற்குக் காரணம், அளப்பவை அனைத்தும் அறைக்குள்ளேயே இருந்ததுதான். கேபிளின் கம்பிகளோ இரு முனைகளிலும் உறையைவிட்டு வெளியேறி, வெளியுலகின் எர்த்தை ஒப்பிட்டே இயங்குவதால், உறையும் அதே எர்த்தோடு பிணைக்கப்பட வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு முனை இணைப்பே போதுமானது.

காந்தப்புலத்தின் கதை வேறு. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்புக்குள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழம்வரை ஊடுருவக்கூடியது என்பதால், ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத உறை அதற்குத் தடையாவதில்லை. அதைச் சமாளிப்பது, 1881இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற முறுக்கிய இணைக்கம்பியே. ஒவ்வொரு முறுக்கிலும் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் தோன்றுவது ஈடுசெய்துவிடுகிறது.

உறையின் மறுமுனையையும் எர்த் செய்யலாமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொழிற்சாலையின் இரு கோடிகளிலுள்ள எர்த் புள்ளிகள் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பது அரிது; இரண்டையும் உறை இணைத்துவிட்டால், அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றத் தொடங்கி, தடுக்கவேண்டிய இரைச்சலைத் தானே உண்டாக்கும். இதுவே ‘கிரவுண்ட் லூப்’. ஆனால் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸை எட்டும்போது அலைநீளத்தின் கால்பங்கு வெறும் 7.5 மீட்டராகச் சுருங்கிவிடுவதால், அந்த அளவு நீளமுள்ள, ஒரு முனை விடப்பட்ட உறை ஆன்டெனாவைப்போல நடந்துகொள்கிறது. நுண்ணொடியின் சிறு பகுதிக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் மோட்டார் டிரைவ்களின் கேபிள்களில் இரு முனைகளும், அதுவும் கேபிள் பெட்டிக்குள் நுழையுமிடத்திலுள்ள உலோகக் கிளாண்டை உறை முழுச்சுற்றும் தொடும்படி, இணைக்கப்படுவது இதனால்தான். பின்னலைத் திரித்து 10 சென்டிமீட்டர் வாலாக எர்த் கட்டையில் முடுக்கினால், அதன் தூண்டம் சுமார் 100 நானோஹென்றியாகி, 100 மெகாஹெர்ட்ஸில் 63 ஓம் எதிர்ப்பைக் காட்டும்.

இரு தேவைகளும் ஒருங்கே எழும் இடத்தில், ஒரு முனையை நேரடியாகவும் மறுமுனையை 10 நானோஃபாரட் மின்தேக்கி வழியாகவும் இணைப்பதுண்டு. 50 ஹெர்ட்ஸுக்கு 3 லட்சம் ஓமுக்கு மேல் தடையாக நிற்கும் அந்த மின்தேக்கி, 10 மெகாஹெர்ட்ஸுக்கு 1.6 ஓம் மட்டுமே காட்டி வழிவிடுகிறது.

எர்த் என்பது இரைச்சல் வடிந்து மறையும் சாக்கடையன்று; எந்த மின்னோட்டமும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும், சமிக்ஞையைத் தொடாத பாதையை அதற்கு அமைத்துத் தருவதே உறையின் வேலை. எனவே ஒரு முனையா, இரு முனைகளா என்பதற்கு முன்பு, இரைச்சலின் அதிர்வெண் என்ன என்பதே கேட்கப்பட வேண்டும். கிரவுண்ட் லூப்பால் ஒலிபெருக்கியில் எழும் ரீங்காரத்தைப் போக்க, கருவியின் பிளக்கிலுள்ள மூன்றாவது பின்னான எர்த் பின்னையே துண்டித்துவிடும் வழக்கம் மட்டும் எந்த அதிர்வெண்ணுக்கும் பொருந்தாது. அந்தப் பின் உயிர் காக்கவே இருப்பதால், கழற்றிப் பார்க்கத்தக்கது சமிக்ஞைக் கேபிளின் உறையில் ஒரு முனை மட்டுமே.